இரு விமானங்களுக்கிடையே ஒரு பகல்

பிரயாணத்திற் பெரும்பகுதி காத்திருத்தலே என்பதை எம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குப் புகைவண்டியிற் சென்றோர் மாகோச் சந்தியில் இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை பெட்டியின்மேல் அமர்ந்து கொட்டாவி விடுவது வழக்கமாக இருந்தது. கடல் கடந்து செல்வோர் கொழும்பிலே கப்பலுக்காக நாட்கணக்கிற் காத்துக் கிடந்ததும் உண்டு. இன்று ஆகாயவிமானம் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நாலு மணித்தியாலம் போதும். ஆயினும் காத்திருத்தல் மட்டும் எம்மை விட்டபாடில்லை. ஒரு விமானத்தில் இறங்கி மறு விமானம் ஏறும்வரை, ஆறு மணித்தியாலமோ பன்னிரண்டு மணித்தியாலமோ, முன்பின் அறியாத ஓர் ஊரின் வாசலில் இருந்தாக வேண்டியிருக்கிறது. இதனையே இடைத்தங்கல் என்கிறோம்.

இந்த நேரத்தை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சியார் உளர். ஒரு கட்சியார் அதனை வீணாய்ப் போன நேரம் என்று முடிவு செய்து, நாற்காலியிற் சாய்ந்து, கைத்தொலைபேசியைப் பார்த்துக் கண் பூத்துப் போவர். மறு கட்சியார், வந்த இடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நகரமெங்கும் ஓடிக் களைத்து, எதனையும் பாராமலே திரும்பி வருவர். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்பது என் எண்ணம். அவ்வழியை எனக்குக் காட்டியவர் பயண அனுபவம் மிக்கவர் எவருமல்லர். அதுவரை ஒருமுறையேனும் விமானம் ஏறியிராத என் சின்னம்மாவே.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நான் சின்னம்மாவை அழைத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவிலுள்ள பேர்த் நகருக்குப் புறப்பட்டேன். அவருக்கு அப்போது வயது எழுபத்தேழு. ஒரே மகன் அங்கே குடியேறியிருக்கிறான். தனியே இருந்த தாயை இனித் தன்னோடு வைத்துக்கொள்வது என்று அவன் தீர்மானித்தபடியால், ஊர் வீட்டை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு அவர் புறப்பட்டார். நான் மூன்று கிழமையில் திரும்பி வருபவன். அவர் திரும்பி வருவதாக இல்லை. வெளியே சொல்லாவிட்டாலும் எங்கள் இருவருக்கும் அது தெரிந்தேயிருந்தது.

எங்கள் பயணச்சீட்டின்படி சிங்கப்பூரிற் காலை 7 மணிக்கு இறங்கி, மாலை 6.30க்கு மறு விமானம் ஏற வேண்டும். பதினொன்றரை மணித்தியால இடைத்தங்கல். இதனைக் கேள்வியுற்ற உறவினர் பலர் எங்களுக்காக இரங்கினர். “வயதுபோன மனுசியை அவ்வளவு நேரம் கதிரையிலை இருத்தப் போறியோ?” என்று ஒருவர் என்னைக் கடிந்தும் கொண்டார். சின்னம்மா மட்டும் மகிழ்ச்சியடைந்தார். அன்றிரவு என்னைத் தனியே அழைத்து, “தம்பி, சிங்கப்பூரிலை சிலோன் வீதி எண்டு ஒண்டு இருக்குது. அங்கை ஒரு பிள்ளையார் கோயில். என்னை அங்கை கூட்டிக்கொண்டு போவியோ?” என்று கேட்டார்.

அவர் கேட்டதன் காரணத்தை விளங்கிக்கொள்ள எங்கள் குடும்பக் கதையிற் சிறிது கூற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம், ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் தேடிச் சென்றமை பலரும் அறிந்ததே. புகைவண்டிப் பகுதி, நில அளவைப் பகுதி, வைத்தியசாலை, கந்தோர் என்று எங்கும் அவர்கள் இருந்தனர். சின்னம்மாவின் தந்தையாரும், அதாவது என் தாய்வழிப் பாட்டனாரும், அவ்வாறு 1926ஆம் ஆண்டு கப்பலேறிச் சென்று, சிங்கப்பூரிலே புகைவண்டிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். 1956இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். அந்த முப்பது ஆண்டுகளில் அவர் விடுமுறையில் வீடு வந்த தடவைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அன்று தொடக்கம் 1945இல் யுத்தம் முடியும்வரை, மூன்றரை ஆண்டுகளாக, அவரிடமிருந்து ஒரு வரி கூட வரவில்லை. அவர் இருக்கிறார் என்று நம்பி என் பாட்டியார் மாலைதோறும் விளக்கேற்றி வந்தார். யுத்தம் முடிந்த பின் வந்த முதற் கடிதத்தை வாசிக்க முடியாமல் அவர் அதைக் கையில் வைத்தபடியே இருந்தார் என்று என் தாயார் கூறக் கேட்டிருக்கிறேன்.

சின்னம்மா 1947இற் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் அவருக்குத் தந்தை என்பவர் தபாற்காரர் கொண்டுவரும் ஒரு நீல உறை மட்டுமே. பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியதும், பாட்டியார் எழுதும் கடிதங்களின் அடியில் தானும் ஒரு வரி சேர்ப்பாராம். எப்போதும் அதே வரி: “ஐயா, எப்ப வருவீங்கள்?” பாட்டனார் ஊர் திரும்பிய பின் ஒருநாள் மகளிடம் கூறினாராம்: “உன்ரை அம்மாவின்ரை கடிதம் வந்தால், பின்னேரம் சிலோன் வீதிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோவன். எங்கடை ஊர் ஆக்கள் எல்லாரும் அங்கை கூடுவினம். ஊர்ப் புதினத்தை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவன். கடைசியிலை உன்ரை வரியையும் வாசிப்பன். அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருதரும் கதைக்க மாட்டினம்.”

தன் எழுத்து வாசிக்கப்பட்ட அந்த இடத்தைத் தன் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே சின்னம்மாவின் விருப்பம். எழுபது ஆண்டுகளாக அதற்கு வாய்க்கவில்லை. இனி வாய்ப்பதற்கும் இந்த ஒரு பகலை விட்டால் வேறு பகல் இல்லை.

காரியம் இவ்வளவு பெரிதாய்ப் போனபடியால் நான் கணக்கைச் சரியாகப் போடத் தொடங்கினேன். இடைத்தங்கற் கணக்கை இறங்கும் நேரத்திலிருந்து முன்னோக்கிப் போடலாகாது; ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கியே போட வேண்டும். மாலை 6.30க்கு விமானம் என்றால், 5.30க்கு அது புறப்படும் வாயிலருகே இருக்க வேண்டும். குடிவரவுப் பரிசோதனைக்கும் நீண்ட நடைக்கும் இடம் விட்டு, 4 மணிக்கு விமான நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும். காலை 7 மணிக்கு இறங்கினாலும் வெளியே வர 8.30 ஆகும். ஆகவே கையில் மிஞ்சுவது ஏழரை மணித்தியாலம். போகவும் வரவும் இரண்டு. மழைக்கும் வழி தவறுதலுக்கும் ஒன்று. மூதாட்டி ஒருவர் இளைப்பாறுவதற்கு ஒன்று. எல்லாம் போக மூன்றரை மணித்தியாலமே எங்களுக்குச் சொந்தம். பதினொன்றரை என்று கேட்டபோது பெரிதாய்த் தோன்றியது; மூன்றரை என்று கண்டபோதுதான் அது அருமையாயிற்று.

இன்னுமொரு விடயத்தையும் எண்ணிப் பார்த்தோம். பாட்டனார் உத்தியோகம் பார்த்தது புகைவண்டிப் பகுதி அல்லவா? 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் புகையிரத நிலையத்தையும் பார்க்கலாமே என்று முதலில் நினைத்தேன். அது நகரின் மறுகோடியில் இருப்பது. 2011 யூன் 30ஆம் திகதியோடு அங்கே வண்டிகளின் போக்குவரத்தும் நின்றுவிட்டது. கோயிலோ விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் வழியிலுள்ள காத்தோங் பகுதியில் இருக்கிறது. மேலும், கோயில்களில் நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். மாலையில் திறக்கும்போது நாங்கள் விமானத்துள் இருப்போம். ஆகவே ஒன்றைப் பார்ப்பது, அதையும் காலையிலேயே பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

சட்ட முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் சிலநாள் தங்குதற்குச் சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா பெற வேண்டியதில்லை. இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள், வருகை அட்டையைக் கணினி வழியே நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பெட்டிகள் கடைசி ஊர்வரை நேரே போகின்றனவா என்பதைக் கொழும்பிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளல் நன்று. விதிகள் மாறக்கூடியவை ஆதலால், ஒவ்வொரு பிரயாணத்தின் முன்னும் புதிதாக விசாரித்தல் வேண்டும்.

விமானத்தில் எங்களுக்கு அருகே வவுனியாவைச் சேர்ந்த ஒரு மாணவன் இருந்தான். பேர்த் நகரிற் படிக்கப் போகிறவன். அவனுக்கும் அதே இடைத்தங்கல். “வெளியிலை போனால் திரும்பி உள்ளுக்கை விடுவாங்களோ, சேர்?” என்று பயத்துடன் கேட்டான். பிரயாண ஏற்பாடு செய்தவர்கள் வெளியே போக வேண்டாம் என்று எச்சரித்திருந்தனராம். ஆவணங்கள் சரியாக இருந்தால் பயப்படுதற்கு ஒன்றுமில்லை என்று விளக்கினேன். வருகை அட்டையை அவன் முன்னரே நிரப்பியிருந்தான். வெளியே தனியே போக அஞ்சுவோருக்காக விமான நிலையத்தாரே இலவசச் சுற்றுலா நடத்துகிறார்கள் என்பதையும் கூறினேன். ஐந்தரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும் இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு உட்பட்டும் இடைத்தங்கல் உடையோர் அதிற் சேரலாம். அவன் சற்று யோசித்து, “நான் ஆச்சியோடை வாறன்” என்றான். சின்னம்மாவின் கைப்பை அக்கணமே அவன் தோளுக்கு மாறிவிட்டது.

சிங்கப்பூரில் இறங்கியதும் கடிகாரங்களை இரண்டரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்தோம். காசு மாற்றியபோது கிடைத்த சில்லறையைச் சின்னம்மா கண்ணருகே பிடித்துப் பார்த்தார். நாணயத்தின் ஓரத்திலே ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருந்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கும் அங்கே உத்தியோக மொழிகள். “ஐயா உழைச்ச காசிலும் உப்பிடித் தமிழ் இருந்ததோ தெரியாது” என்று சொல்லி, ஒரு நாணயத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டார்.

36ஆம் இலக்கப் பேருந்து விமான நிலையத்திலிருந்து மரின் பரேட் வீதி வழியாக நகருக்குப் போகிறது. 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து அப்பகுதிக்கு நிலக்கீழ்ப் புகைவண்டியும் உண்டு. வீதியைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று நாங்கள் பேருந்தையே விரும்பினோம். சின்னம்மா கண்ணாடியோரம் அமர்ந்தார். மரங்கள் வரிசையாய் நிழல் தரும் வீதி, வானளாவிய குடியிருப்புகள், அவற்றின் யன்னல்களிலே கழிகளிற் காயும் துணிகள். “எங்கடை வெக்கைதான்” என்றார். உண்மைதான். பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே இருக்கும் ஊர் அது. வெப்பமும் திடீர் மழையும் எமக்குப் புதியன அல்ல.

இறங்கிச் சிறிது தூரம் நடந்தோம். வண்ண ஓடுகள் பதித்த பழைய மாடி வீடுகள் சில இன்னும் அங்கங்கே நிற்கின்றன. ஒரு சந்தியில் வீதியின் பெயர்ப்பலகையைக் கண்டு மாணவன் ஆங்கிலத்தில் உரத்து வாசித்தான். சின்னம்மா நின்றுவிட்டார். கடித உறையின் பின்புறத்தில் ஆயிரம் முறை பார்த்த விலாசம் அது. ஒன்றும் பேசாமல் அந்தக் கம்பத்தைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

செண்பக விநாயகர் ஆலயம் அவ்வீதியிலே தன் கோபுரத்தை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. குளக்கரையிலே ஒரு செண்பக மரத்தடியில் விநாயகர் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டதாகவும், அதனாலேயே இப்பெயர் வந்ததாகவும் கூறுவர். 1875ஆம் ஆண்டளவில் எதிர்நாயகம் பிள்ளை என்னும் இலங்கைத் தமிழர் முன்னின்று முதற் கோயிலை அமைத்தார். அது ஓலை வேய்ந்த சிறு கொட்டில். 1942இல் யப்பானியக் குண்டுவீச்சிற் கோயில் சேதமுற்றது. யுத்தத்தின் பின் திருத்தப்பட்டது. இப்போதுள்ள இராசகோபுரம் 2003ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. ஏறக்குறைய 21 மீற்றர் உயரம். உள்ளே கருங்கற்றூண்களில் விநாயகரின் முப்பத்திரண்டு திருவடிவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தார் ஆலயத்தைப் பரிபாலித்து வருகின்றனர்.

வணங்கி முடிந்ததும் சின்னம்மா என்னைப் பார்த்து, “எந்த இடத்திலை இருந்து வாசிச்சிருப்பார்?” என்று கேட்டார். நான் என்ன விடை சொல்ல முடியும்? பாட்டனார் இருந்த காலத்து மண்டபம் இப்போது இல்லை. இடித்தும் கட்டியும் எல்லாம் மாறிவிட்டது. அதை அப்படியே சொன்னேன். சின்னம்மா சிறிதும் மனந்தளரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்து, காற்று வரும் ஒரு தூணடியைத் தெரிந்து, காலை மடித்து அமர்ந்துகொண்டார். “இந்த வெக்கைக்கு அவர் காத்து வாற இடத்திலைதான் இருந்திருப்பார்” என்றார்.

அங்கே நாற்பது நிமிடம் இருந்தோம். நகரத்தில் ஆயிரம் காட்சிகள் இருக்க, ஒரு தூணடியில் நாற்பது நிமிடம் இருப்பது நேரத்தை விரயம் செய்வதாகச் சிலருக்குத் தோன்றலாம். நான் அவ்வாறு நினைக்கவில்லை. சிறிது நேரத்துக்குப்பின் சின்னம்மா தமக்குள்ளே சிரித்தார். “எப்ப வருவீங்கள், எப்ப வருவீங்கள் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். கடைசியிலை நான்தான் வந்திருக்கிறன்” என்றார். மாணவன் வேறு பக்கம் திரும்பிக் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் நின்றான்.

எங்கள் பேச்சைக் கேட்டு ஓர் அம்மையார் அருகே வந்தமர்ந்தார். அவருடைய பாட்டனார் அளவெட்டியிலிருந்து வந்தவராம். அவர் தமிழில் ஆங்கிலமும் மலாயும் கலந்திருந்தன, ஆயினும் “நீங்கள் எந்தப் பக்கம்?” என்ற கேள்வி மட்டும் அசல் யாழ்ப்பாணக் கேள்வியாய் இருந்தது. தாம் இன்னும் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததில்லை என்றார். “ஒருக்கால் வாங்கோ, எங்கடை வீட்டிலை தங்கலாம்” என்று சின்னம்மா வழக்கம்போலத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். அந்த வீட்டின் திறப்பு அவர் கையில் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மறுகணமே முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, “தம்பி அங்கைதான் இருக்கிறான். இவனிட்டை வாங்கோ” என்று என்னைக் காட்டினார். நான் என் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். ஒரு குடும்பத்தின் விருந்தோம்பல் அவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறியது.

பிரசாதம் பெற்று வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. அருகேயுள்ள கோப்பிக் கடையொன்றில் இளைப்பாறினோம். சின்னம்மாவுக்கு அங்கே ‘தே-ஓ’ எனப்படும் தேநீர் வந்தது. பெயர் எதுவாயினும் அது எங்கள் பிளேன் ரீதான். மாணவன் காத்தோங்கிற் பேர்பெற்ற லக்சாவை வருவித்தான். தேங்காய்ப்பாற் குழம்பிலே அரிசி நூடில்சைக் குறுக நறுக்கிப் போட்டு, கரண்டியால் மட்டுமே உண்ணும்படி தருகிறார்கள். உண்டு முடிந்ததும் அவன் தயங்கித் தயங்கி, நகரத்தின் உயர்ந்த கட்டிடங்களையும் சிங்கத்தலை மீனையும் பார்க்க ஆசை என்றான். அதே 36ஆம் இலக்கப் பேருந்து நகருக்கும் செல்லும். நாலு மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சின்னம்மாவின் பிள்ளையாரை அவன்மேற் சுமத்துவது முறையன்று. இளைஞனுக்கு அவன் வயதுக்கேற்ற காட்சி வேண்டும்.

எங்களுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குமேல் இருந்தது. “இரவிலை படுக்கையிலை கிடந்தால் கடல் இரையிறது கேக்குமெண்டு ஐயா சொல்லுவார். கடல் எந்தப் பக்கம்?” என்றார் சின்னம்மா. காதைக் கொடுத்துக் கேட்டோம். மோட்டார் வாகனங்களின் இரைச்சலே கேட்டது. வாடகைக் காரொன்றை அமர்த்தித் தெற்கே போகச் சொன்னோம். மாடிக் குடியிருப்புகளைத் தாண்டினோம், விரைவுப் பெருஞ்சாலையைக் கடந்தோம், பூங்காவொன்று வந்தது, அதற்கும் அப்பாலேதான் கடல் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன.

கடல் ஏன் இவ்வளவு தூரம் போயிற்று என்று சின்னம்மா வியந்தார். கடல் போகவில்லை, கரைதான் வந்தது என்று விளக்கினேன். 1966இல் தொடங்கிய பெருந்திட்டமொன்றினால், பெடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு கிழக்குக் கரையோரக் கடலைத் தூர்த்தார்கள். பழைய கடற்கரை வீடுகள் உள்நாட்டு வீடுகளாயின. நாங்கள் கடந்து வந்த குடியிருப்பும் பெருஞ்சாலையும் பூங்காவும் ஒருகாலத்தில் அலை புரண்ட இடங்கள். 1981இல் திறக்கப்பட்ட சாங்கி விமான நிலையத்தின் ஒரு பகுதியும் தூர்த்த நிலமே. 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீற்றராக இருந்த அந்நாட்டின் பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது.

சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மணலிற் சிறிது நேரம் நின்றார். “அவர் இருந்த கோயிலும் மாறிப் போச்சு, கடலும் மாறிப் போச்சு. ஆனால் ஊர் அழிஞ்சு போகேல்லை. பெருத்திருக்குது” என்றார். பின்னர், தமக்கே சொல்வதுபோல, “நான் போற இடமும் அப்பிடித்தான் இருக்கும்” என்றார். ஊரைவிட்டுப் புறப்பட்ட நாள்முதல் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போது சிறிது தளர்ந்ததைக் கண்டேன்.

மூன்றரை மணிக்கெல்லாம் விமான நிலையம் சேர்ந்துவிட்டோம். 2019இல் திறந்த யுவெல் என்னும் கண்ணாடி மாளிகை அங்கே இருக்கிறது. அதன் நடுவே 40 மீற்றர் உயரத்திலிருந்து நீர்வீழ்ச்சியொன்று கூரையின் வட்டத் துவாரத்தினூடே விழுகிறது. மாணவனும் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தான். கண்ட காட்சிகளை அவன் மூச்சுவிடாமற் சொல்ல, சின்னம்மா நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி தலையசைத்துக் கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கும், முதன்முறை கடல் கடக்கவிருக்கும் மாணவர்க்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. அறியாத ஊரிற் சில மணித்தியாலம் கிடைத்தால் அந்த ஊரைப் பார்க்க முயலாதீர்கள்; ஊர் அவ்வளவு சிறியதன்று. அங்கே உங்களுக்கென்று ஏதேனும் ஒன்று இருக்கும். முன்னோர் நடந்த வீதியாக இருக்கலாம். பாடப்புத்தகத்திற் கண்ட கட்டிடமாக இருக்கலாம். ஒரு நூதனசாலையாகவோ சந்தையாகவோ இருக்கலாம். புறப்படுமுன் வீட்டிலுள்ள முதியவர்களைக் கேளுங்கள். அவர்களிடம் பழைய விலாசங்கள் இருக்கும். அந்த ஒன்றைத் தெரிந்து, அது திறந்திருக்கும் வேளையை அறிந்து, திரும்பும் நேரத்தை முதலிற் குறித்துவிட்டு, போய் அங்கே சற்று அமருங்கள். உடல் அசதியாயின் விமான நிலையத்திலேயே உறங்குவதும் நற்காரியமே. ஆனால் பயத்தினால் மட்டும் கதவுக்கு உள்ளே இருந்துவிடாதீர்கள்.

சின்னம்மா இப்போது பேர்த் நகரில் இருக்கிறார். மகனுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்குகிறாராம். சென்ற மாதம் எனக்கொரு கடிதம் வந்தது. உறையின்மேல் விலாசம் அவருடைய கையெழுத்து. உள்ளே, அவருடைய வரிகளுக்கு அடியிலே, கோணல் மாணலான எழுத்தில் ஒரு குழந்தை எழுதியிருந்தது: “பெரியப்பா, எப்ப வருவீங்கள்?”